கீழூர் நினைவுத்தூண்: புதுச்சேரிக்கு உண்மையில் எந்தத் தேதி விடுதலை?

கடலூர்க்காரன்

போன ஞாயிறு வில்லியனூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் சீட்டுக்கட்டை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது ஆகாது. மைத்துனர் பைக்கை வாங்கிக்கொண்டு சும்மா கிளம்பியவன் கீழூரில் போய் நின்றேன். வயல்காடு, சில வீடுகள், ஒரு டீக்கடை, அப்புறம் எதிர்பாராமல் ஒரு நினைவிடம். 1954 அக்டோபர் 18 அன்று அங்கேதான் வாக்கெடுப்பு நடந்ததாம். 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றும் 8 பேர் கூடாது என்றும் சொன்னார்களாம்.

டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "ஆகஸ்ட் 16 வந்து பாருங்க, முதலமைச்சரே வந்து கொடி ஏத்துவாரு" என்றார். நவம்பர் 1 தானே புதுச்சேரி விடுதலை நாள் என்று கேட்டேன். "அதுவும் உண்டு" என்று டீயை ஆற்றிக்கொடுத்தார்.

ஆக, வாக்கெடுப்பு அக்டோபரில். விடுதலை நவம்பரில். கொடி ஆகஸ்டில். பக்கத்து ஊர்க்காரனாக இருந்தும் எனக்கு இது புரியவில்லை. ஏன் பட்டணத்தை விட்டு அந்தக் கிராமத்துக்குப் போனார்கள்? ஏன் 178 பேர் மட்டும்? மக்கள் எல்லாரும் வாக்களிக்கவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர்வாசி

எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டு டீயோடு போய்விட்டீர்களே தம்பி. சரி, தேதிக் கணக்கை முதலில் முடிப்போம்.

1954 அக்டோபர் 18: கீழூர் வாக்கெடுப்பு.
அக்டோபர் 21: டெல்லியில் இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டது.
நவம்பர் 1: நிர்வாகம் கைமாறியது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.
1956 மே 28: முழு உரிமையையும் விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்து.
1962 ஆகஸ்ட் 16: அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அன்றுதான் இந்தியா.

நவம்பர் 1ஐ அரசு விடுதலை நாளாகக் கொண்டாடத் தொடங்கியது 2014இல்தான். எங்கள் சிறுவயதில் ஆகஸ்ட் 15 ஒரு கொடி, மறுநாள் கீழூரில் ஒரு கொடி. இரண்டு நாளும் மிட்டாய் கிடைக்கும். யாரும் தேதியைக் கேள்வி கேட்டதில்லை.

கீழூர் ஏன் என்று கேட்டீர்கள். புதுச்சேரி வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். கண்ணாடித் தட்டு கீழே விழுந்து சிதறியது போல இருக்கும். பாகூர் போகும் வழியில் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி வரும். இன்றைக்கு ஒயின்ஷாப் போர்டைப் பார்த்துத்தான் எந்த எல்லையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறோம். அன்றைக்கு அது இரண்டு நாட்டு எல்லை. 1949இல் சுங்க ஏற்பாட்டை இந்தியா முறித்துக்கொண்டதும் ஒவ்வொரு பாதையிலும் சோதனை. என் பாட்டி அந்தப் பக்கத்து உறவுக்காரர் வீட்டுக்கு முறுக்கு எடுத்துப்போனால்கூடத் துணியை அவிழ்த்துக் காட்ட வேண்டுமாம். பட்டணத்தில் பிரெஞ்சுப் போலீஸ் இருந்தது. எல்லையோரக் கிராமத்தில் கூடுவது பாதுகாப்பு.

மடுகரை மைந்தன்

கீழூர் கீழூர் என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். அங்கே நடந்தது கணக்கு முடித்தது மட்டும்தான். கடையைத் திறந்தது நாங்கள்!

1954 மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. எதுவார் குபேர் தலைமையில் அங்கேயே தற்காலிக அரசு. எங்கள் மடுகரை வெங்கடசுப்பா ரெட்டியார் அதில் முன்வரிசை. நெட்டப்பாக்கம் நாலாபுறமும் இந்திய மண் சூழ்ந்த பகுதி. பட்டணத்திலிருந்து பிரெஞ்சுப் போலீஸ் வரவேண்டுமென்றால் இந்திய எல்லையைத் தாண்டித்தான் வரவேண்டும். இந்தியா வழி விடவில்லை. அவ்வளவுதான், பிரெஞ்சு ஆட்சி அங்கே செத்துப்போயிற்று. அந்தத் தேதிக்கு விடுமுறையும் கிடையாது, மிட்டாயும் கிடையாது.

சிவப்புத்துண்டு

குபேர் பெயரை எடுத்ததால் வாயைத் திறக்கிறேன். 1954 மார்ச் வரைக்கும் அவர் யார் பக்கம் நின்றார்? பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களுக்குத் தூணாக இருந்தவர். 1948 நகரசபைத் தேர்தல் எந்த லட்சணத்தில் நடந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்களை அடித்து விரட்டிய காலம் அது. 1950இல் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா வீட்டையே எரித்தார்கள். கடத்தல், ஊழல் விவகாரங்களில் பிரெஞ்சு அரசே அவரை நெருக்கியதால்தான் மனம் மாறினார் என்று அப்போதே பேச்சு உண்டு.

விடுதலைக்குத் தேதி வேண்டுமானால் 1936 ஜூலை 30 என்று சொல்லுங்கள். சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆலைக்குள் ரத்தம் சிந்தியவன் கதை பின்னால் போய்விட்டது, கடைசி பஸ்ஸில் ஏறியவர் பெயர் கடற்கரைச் சாலைக்கு!

மடுகரை மைந்தன்

கடைசி பஸ்ஸாகவே இருக்கட்டும், அவர் ஏறாவிட்டால் பஸ் நகர்ந்திருக்காது. நகரசபைகளும் மேயர்களும் அவர் கையில் இருந்தார்கள். 1954 மார்ச் 18 அன்று மேயர்களும் மந்திரிகளும் சேர்ந்து 'வாக்கெடுப்பே வேண்டாம், நேரடியாக இணைத்துவிடுங்கள்' என்று தீர்மானம் போட்டார்கள். சுப்பையா எவ்வளவு பெரிய தியாகியானாலும் மேயர்களை அவரால் கொண்டுவர முடியுமா? கம்யூனிஸ்ட்காரர்கள் வரலாறு எழுதினால் மற்றவன் எல்லாம் கடத்தல்காரன்தான்.

சிவப்புத்துண்டு

மந்திரிப் பதவிக்காகக் கொடி மாற்றியவனுக்கும் ஜெயிலுக்குப் போனவனுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது.

நெறியாளர்

இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். இறந்துபோன தலைவர்களைத் திட்டுவது பரவாயில்லை, எதிரே எழுதுகிறவர் குடும்பத்தை இழுப்பது வேண்டாம்.

ஏட்டுப்புழு

கடலூர்க்காரர் கேட்ட மூன்றாவது கேள்வி அப்படியே கிடக்கிறது. ஏன் 178 பேர் மட்டும்? இந்த இழையில் உருப்படியான கேள்வி அதுதான் என்பது என் எண்ணம்.

1946 பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு, எந்த நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பதானாலும் அங்குள்ள மக்களின் சம்மதம் வேண்டும் என்கிறது. 1948 ஜூனில் இரு நாடுகளும் செய்த ஏற்பாடும் அதுதான், மக்களே முடிவு செய்யட்டும் என்பது. அப்படி ஒழுங்காக, எல்லா வாக்காளரும் போட்ட வாக்கெடுப்பு ஒரே இடத்தில்தான் நடந்தது. 1949 ஜூன் 19, சந்திரநாகூர். இந்தியாவுக்கு 7,473, எதிராக 114. கல்கத்தாவுக்குப் பக்கத்து ஊர், வேறு எப்படி வரும்?

அதைப் பார்த்த பிறகு பிரான்சுக்கு மற்ற இடங்களில் வாக்கெடுப்பு நடத்தும் ஆசை குறைந்தது. இந்தியாவுக்கும் ஒரு பயம் இருந்தது, அதை நாம் பேசுவதில்லை. 1948 தேர்தல் போன்ற அடிதடிச் சூழலில், போலீஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருக்கும்போது, வாக்கெடுப்பு நடந்தால் முடிவு எப்படியும் போகலாம். இரண்டு பக்கமும் இழுத்தடித்தன. கடைசியில் கண்டுபிடித்த நடுவழிதான் கீழூர். மக்கள் நேரடியாக வேண்டாம், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும் போதும். பிரான்ஸ் தன் சட்டப் பிரிவுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம், இந்தியா நிச்சயமான முடிவைப் பெறலாம்.

இதில் ஒரு வேடிக்கை. சிவப்புத்துண்டு அடிதடித் தேர்தல் என்று திட்டினாரே, அப்படித் தேர்தல் நடத்திப் பழகிய கட்சியின் ஆட்கள்தான் கீழூருக்கு வந்தவர்களில் கணிசம். ஒரு காலத்தில் பிரான்சுக்காகக் கை தூக்கியவர்களே இந்தியாவுக்கு வாக்களித்தார்கள். ஆகவே இருவர் சொல்வதும் சரி. சண்டையை விடுங்கள்.

கடலூர்க்காரன்

ஐயா, இப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தெளிகிறது. அப்படியானால் 1954க்கும் 1962க்கும் நடுவில் எட்டு வருஷம் புதுச்சேரி யாருடையது?

ஏட்டுப்புழு

நிர்வாகம் இந்தியா, பட்டா பிரான்ஸ் பெயரில். வீட்டை வாங்கிக் குடியேறிவிட்டோம், பத்திரம் பதியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதியாமல் ஏன் இழுத்தது என்றால் அல்ஜீரியா. தேதியைக் கவனியுங்கள். 1954 நவம்பர் 1 அன்று இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. ஒரே நாள்! அதற்குப் பிறகு பாரீஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து 'இந்தியாவில் உள்ள நம் ஊர்களைக் கொடுத்துவிடலாம்' என்று சொன்னால், 'அப்படியானால் அல்ஜீரியா?' என்ற கேள்வி உடனே வரும். எந்த அரசு அந்தக் கோப்பைத் தொடும்? 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றம் நம் உடன்படிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட் 16இல் டெல்லியில் ஆவணங்கள் கைமாறின. நம் இரண்டு தேதிகளுக்கு நடுவில் முழுதாக ஒரு அல்ஜீரியப் போர் அடங்கியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஆகஸ்ட் 16ஐ வெறும் காகிதத் தேதி என்று ஒதுக்க மனம் வரவில்லை.

சொல்தா பேரன்

பல மாதமாக எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். காகிதம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அந்தக் காகிதம்தான் எல்லாம்.

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவில் இருந்தவர். 1954 மே 7 அன்று வியட்நாமில் பிரெஞ்சு ராணுவத்தின் தியன் பியன் பூ கோட்டை விழுந்த செய்தியை அவர் சைகோன் முகாமில் கேட்டாராம். ஆறு மாதம் கழித்து, சொந்த ஊரும் கைமாறிவிட்டது என்று கடிதம். "போன இடமும் போச்சு, வந்த இடமும் போச்சு" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1962க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கையில் இருந்தது. தாத்தா கையெழுத்துப் போட்டார். அவர் தம்பி போடவில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசி ஆளுக்கொரு முடிவு. இன்றைக்கு நான் பிரான்சில் ரயில்வேயில் வேலை பார்க்கிறேன், சின்னத் தாத்தா பேரன் முத்தியால்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். தீபாவளிக்கு வீடியோவில் பேசிக்கொள்கிறோம். எங்கள் வீட்டை இன்னும் 'சொல்தா வீடு' என்றுதான் தெருவில் சொல்கிறார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்.

நான் கேட்க வந்தது அந்த 8 பேரைப் பற்றி. சின்ன வயதில் பள்ளியிலிருந்து கீழூருக்குக் கூட்டிப்போனார்கள். கூட வந்த ஆசிரியர் "170 பேர் தேசபக்தர்கள், 8 பேர் துரோகிகள்" என்றார். எனக்கு உடனே தாத்தா ஞாபகம் வந்தது. அவர் துரோகியா? ஒரு வாக்கெடுப்பு என்றால் 'இல்லை' என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும் அல்லவா? 178க்கு 178 விழுந்திருந்தால் அதை யார் நம்புவார்கள்?

மடுகரை மைந்தன்

தம்பி, உங்கள் தாத்தாவை யாரும் குறை சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ராணுவத்துக்குப் போனவர். ஆனால் 1954இல் மக்கள் பிரதிநிதியாக இருந்துகொண்டு, ஊரே கொடி ஏற்றிக்கொண்டிருக்கும்போது வெள்ளைக்காரன் இருக்கட்டும் என்று வாக்களிப்பது வேறு. அதை என்னால் ஏற்க முடியாது. 'துரோகி' என்ற சொல் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

சிவப்புத்துண்டு

முதல்முறையாக மடுகரைக்காரரோடு ஒத்துப்போகிறேன், நெறியாளர் குறித்துக்கொள்ளவும். ஆனாலும் சொல்தா பேரன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்நிய ஆட்சி என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அந்நியமாக இல்லை. பிரிட்டிஷ் போலீஸ் துரத்தியபோது பாரதியார் 1908இல் ஓடி வந்தது இந்தப் பிரெஞ்சு எல்லைக்குள்தான். 1910இல் அரவிந்தர், வ.வே.சு. ஐயர். அவர்களுக்கு இந்த எல்லை காப்பு. அதே எல்லைக்குள் 1936இல் மில் தொழிலாளிக்கு அதே பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கியைக் காட்டியது. நீங்கள் எந்தத் தெருவில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காரைக்கால் அம்மு

நீங்கள் எல்லாரும் பட்டணம், வில்லியனூர், நெட்டப்பாக்கம் என்று உங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறீர்கள். கீழூரில் வாக்களித்தவர்களில் எங்கள் காரைக்கால் உறுப்பினர்களும் உண்டு என்று ஏட்டுப்புழு ஐயா ஒரு வரியில் சொன்னதோடு சரி. அன்றைய ரோட்டில், நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், நடுவில் முழுக்க இந்திய எல்லை, அங்கிருந்து கிளம்பி ஒரு கிராமத்துக்கு வந்து வாக்குப் போட்டிருக்கிறார்கள். மாகேயும் ஏனாமும் அந்தக் கோடையிலேயே விடுபட்டுவிட்டன. ஏனாம் ஜூன் 13, மாகே ஜூலை 16. அவர்களைக் கேட்டால் வேறு இரண்டு தேதி சொல்வார்கள்.

இன்னொன்று. 178 பேர் போட்டதை மக்கள் முடிவாக ஏற்கலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். மக்கள் முடிவு வேண்டுமென்றால் 1979ஐப் பாருங்கள். மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்றார். ஜனவரி மாதம் ஊரே கொதித்தது. பட்டணத்திலும் காரைக்காலிலும் கடை திறக்கவில்லை, பஸ் ஓடவில்லை. இந்தியாவோடு இருப்போம், ஆனால் தனியாக இருப்போம் என்று தெருவில் இறங்கிச் சொன்னார்கள். யோசனை கைவிடப்பட்டது. அம்மா அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார், ஊர்வலத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து அடி வாங்கியதாகச் சொல்வார்.

ஏட்டுப்புழு

அம்மு சொன்னது சரியான இடம். 1954 ஒப்பந்தத்திலேயே, இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் மாற்றம் செய்வதானால் மக்கள் விருப்பத்தை அறிந்துதான் செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. 79இல் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்த மூன்று நாள் ஒப்பந்தம்... மன்னிக்கவும், வாக்கெடுப்பு முடிந்த மூன்றாம் நாள் போட்ட ஒப்பந்தம், இருபத்தைந்து வருஷம் கழித்தும் வேலை செய்தது.

வில்லியனூர்வாசி

கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது, 1938இல் கட்டியது. காந்தி சிலைக்கு எதிரில். சுற்றுலா வருகிற எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், ஜூலை 14 அன்று விளக்குப் போடுகிறார்கள். பழைய பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் சிலைகூட அந்தப் பக்கம் நிற்கிறது. கீழூருக்கு? வருஷத்தில் ஒரு நாள் காலையில் கார்கள் வரிசையாக வரும், பத்து மணிக்குள் போய்விடும். எனக்கு அந்தச் சின்னங்கள் மீது கோபம் இல்லை. முதல் உலகப் போரில் செத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. ஆனால் வெள்ளைக்கார வீதிக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவராவது இந்தப் பக்கம் திரும்பினால் நன்றாக இருக்கும். பஸ்ஸை விட பைக் உத்தமம்.

சொல்தா பேரன்

அடுத்த அக்டோபரில் ஊருக்கு வருகிறேன் அண்ணா. 18ஆம் தேதி கீழூருக்குப் போகலாமா? மடுகரை அண்ணாவும் வந்தால் நல்லது.

மடுகரை மைந்தன்

வருகிறேன். ஆனால் முதலில் நெட்டப்பாக்கம், அப்புறம் கீழூர். தேதி வரிசை முக்கியம்.

சிவப்புத்துண்டு

ஜூலை 30க்கு என்னோடு வந்தால்தான் நான் அக்டோபருக்கு வருவேன்.

கடலூர்க்காரன்

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒரு தகவல். நேற்று மறுபடி கீழூர் போனேன், மைத்துனர் பைக்கில்தான். டீக்கடைக்காரரிடம் அக்டோபர் 18க்கு ஏழெட்டுப் பேர் வருவோம், டீ போட்டு வையுங்கள் என்றேன். "அன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். எதிரே இருந்த நினைவிடத்தைக் காட்டினேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "அட ஆமா" என்றார். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

காரைக்கால் அம்மு

எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், சர்க்கரை கம்மி.